ஹார்ப்பர் ஷாஃப்ட்டின் காத்தாடி

கரண்ட் கேட்டு ஹார்ப்பர் கேம்ப் பதினோரு மனு போட்டது. 1967-இல் அரசாங்கம் காற்றைக் கொடுத்தது.

தங்கச் சுரங்கப் பகுதியான பாலகாட்டிலிருந்து கிழக்கே நாலு மைல். முள்ளுக்காடு, நாற்பது குடிசை. ஒரு சின்னக் கம்பெனி அங்கே ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழியை இறக்கிப் பத்து வருஷம் தங்கம் தேடியது. 1951-இல் மூடிவிட்டுப் போனது. ஆட்கள் போகவில்லை. சிலர் நடந்தே மைசூர் மைன்ஸ் சுரங்கத்துக்கு ஷிஃப்ட் போய் வந்தார்கள். மற்றவர்கள் கிடைத்த கூலிக்குப் போனார்கள். இருட்டினால் மேற்கே சுரங்கங்களின் விளக்குகள் வரிசையாகத் தெரியும். கேம்ப்பில் மண்ணெண்ணெய்.

முதலில் விளம்பர வேன் வந்தது. வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். படத்தில் ஒரு காற்றாலை சுற்றியது. ஒரு பெண் சிரித்துக்கொண்டே குடத்தை நிரப்பினாள். கம்பி எட்டாத ஊர்களில் காற்றும் வெயிலுமே இனி வேலை செய்யும் என்று ஒலிபெருக்கி சொன்னது. படம் காட்டும் மெஷினும் காற்றில்தான் ஓடுகிறதா என்று கேம்ப்பைச் சேர்ந்த மரியகுழந்தை கேட்டாள். டீசல் என்றான் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு ஜீப்பில் தாமோதரன் வந்தார். பெங்களூர் அதிகாரி. முப்பது வயதிருக்கும். சித்தூர்ப் பக்கத்துத் தமிழ். கம்பத்தின் உச்சியில் கிண்ணங்கள் சுற்றும் கருவி ஒன்றை நட்டு மூன்று நாள் காற்றை அளந்தார். கல்மேட்டின் மேல் காற்று நன்றாக இருந்தது. மேட்டின் நடுவில் ஷாஃப்ட் இருந்தது. மழை பொய்த்து மூன்றாவது வருஷம். கிணறுகளில் சேறுகூட இல்லை. ஷாஃப்ட்டில் தொண்ணூற்றாறு அடியில் தண்ணீர் நின்றது. காற்றும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைத்ததில் தாமோதரனுக்குச் சந்தோஷம்.

வேறு இடம் பார்க்க முடியாதா என்று கேம்ப்காரர் ஏனோக் கேட்டார்.

"ஏன், இதுக்கு என்ன?"

ஏனோக் திரும்பி நடந்தார்.

அவர் அந்த ஷாஃப்ட்டில் தண்ணீர் இறைக்கும் பம்ப்காரராக இருந்தவர். 1951 ஆகஸ்டில், இரண்டாவது லெவலில், அதாவது நூற்று நாற்பது அடி ஆழத்தில் பக்கவாட்டில் போகும் சுரங்கத்தில், மூன்று பேர் பாறையை உடைத்துக்கொண்டே போனபோது மறுபக்கம் தேங்கியிருந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. தண்ணீர் லெவலை நிறைத்து ஷாஃப்ட்டில் ஏறியது. ஆனால் அந்த லெவல் உள்ளே போகப் போக மேடு. அதன் கோடியில் காற்று தங்கியிருக்கும். ஆட்களும் இருக்கலாம்.

மிஷின்களுக்குக் காற்று கொண்டுபோகும் இரும்பு பைப் மேலிருந்து அந்தக் கோடி வரை போயிற்று. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பைப்பைத் தட்டுவார்கள். எத்தனை பேரோ அத்தனை தட்டு. மேலே இருப்பவன் அதே எண்ணிக்கையில் திருப்பித் தட்ட வேண்டும். திருப்பித் தட்டினால் வருகிறோம் என்று அர்த்தம். தட்டு கேட்டுக்கொண்டிருக்கும் வரை பம்பை நிறுத்தக் கூடாது. கேட்டவன், வேறு ஆள் வந்து உட்காரும் வரை, பைப்பை விட்டு நகரக் கூடாது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஷாஃப்ட்டில் இறங்கிய எல்லோருக்கும் தெரியும்.

ஏனோக் பைப்பருகே உட்கார்ந்தார். முதல் நாள் மூன்று தட்டு. மூன்றாகத் திருப்பித் தட்டினார். இரண்டாம் நாளும் மூன்று. மூன்றாம் நாள் காலையிலிருந்து ஒன்றுமில்லை. மத்தியானம் ஒரு தட்டு வந்தது. அரைமணி கழித்து இன்னும் ஒன்று. மூன்று பேர் ஒரு தட்டுத் தட்டமாட்டார்கள். முட்டுக் கொடுத்த மரம் முறிந்தாலும் கல் விழுந்தாலும் அப்படி ஒரு சத்தம் வரும். அவர் திருப்பித் தட்டவில்லை. மேனேஜர் வந்து, சத்தம் இருக்கிறதா என்று கேட்டார். ஏனோக் தூங்கி ஐம்பது மணி நேரம் ஆகியிருந்தது. இல்லை என்றார். பம்ப் நின்றது.

அந்த ஒரு தட்டைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவி மரியகுழந்தையிடமும் சொன்னதில்லை.

மூவரில் ஒருவர் சின்னப்பா. அவருடைய மனைவி பழனியம்மா கேம்ப்பிலேயே இருந்தாள். பொட்டை அழிக்கவில்லை. ஆளைக் கொண்டுவந்து காட்டட்டும், அப்புறம் அழிக்கிறேன் என்றாள். கொஞ்ச நாள் ஊர் பேசியது. பிறகு விட்டுவிட்டது.

ஷாஃப்ட்டின் வாயில் காங்கிரீட் மூடி இருந்தது. அதன் நாலு மூலைக்கும் வெளியே காத்தாடியின் நாலு கால்களை நட்டார்கள். அரசாங்கம் அதைக் காற்றாலை என்றது. கேம்ப்பில் காத்தாடி என்றார்கள். முப்பது அடி உயரம், பன்னிரண்டு தகடு, வால். ஆள் இறங்கும் அளவுக்கு மூடியில் ஒரு இரும்புக் கதவு, அதற்குப் பூட்டு. பம்பின் குழாயைத் தொங்கவிடப் புதிய தாங்கி செய்ய வேண்டியிருந்தது. மூடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பழைய காற்று பைப் இன்னும் உறுதியாக இருக்கிறதே என்று ஃபிட்டர்கள் குழாயை அதோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஏனோக் நின்று பார்த்தார்.

மூன்று மாதம் சோதனை என்றார் தாமோதரன். பழுதில்லாமல் ஓடினால் காத்தாடி கேம்ப்புக்கே சொந்தம். பழுது என்று எழுதினால் அதைக் கழற்றிப் போக மறுநாள் லாரி வரும். பட்டியலில் அடுத்த ஊர் காத்திருக்கிறது. பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். பம்ப் தெரிந்தவர் ஏனோக் ஒருவர்தான். அவர் வேண்டாம் என்றார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். சரி என்றார்.

முதல் தண்ணீர் வந்த அன்று நாற்பது வீட்டுக் குடமும் வரிசையில் நின்றன. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. ஆழத்துத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும் என்றார் தாமோதரன். அதில் ஒரு வாசனையும் இருந்தது. சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் கார்பைடு விளக்கை அப்போதுதான் ஊதி அணைத்த மாதிரி. ஷாஃப்ட்டில் இறங்கிய ஆண்கள் எல்லோருக்கும் அந்த வாசனை தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு குடித்தார்கள்.

தினமும் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று எழுதி வைக்கச் சொல்லியிருந்தார் தாமோதரன். ஏனோக் காலையில் பூட்டைத் திறந்து, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றைக் கல் கட்டி இறக்குவார். ஊற்று குறைவு. காத்தாடி இறைக்க இறைக்கத் தண்ணீர் கீழே போயிற்று. தொண்ணூற்றெட்டு. நூறு. நூற்று மூன்று.

ஒன்பதாம் நாள் மத்தியானம் காற்று சுத்தமாக நின்றது. சக்கரம் அசையவில்லை. குடத்தோடு வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். ஏனோக் ஸ்பேனரோடு உட்கார்ந்து ஒரு போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். வெயிலில் கல்மேடு வெள்ளையாக இருந்தது.

பைப்பில் ஒரு தட்டு கேட்டது.

அவர் கை ஸ்பேனரால் பைப்பை ஒரு தட்டுத் தட்டியது. தட்டிய பிறகுதான் அவர் அதைப் பார்த்தார். வேறு எந்த ஊர் ஆளாக இருந்தாலும் எழுந்து ஓடியிருப்பான். சுரங்கத்துக் கை பதில் சொல்லிவிட்டது.

திருப்பித் தட்டினால் வருகிறோம் என்று அர்த்தம்.

அன்று அவர் சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் மரியகுழந்தை சாப்பாட்டைத் தூக்கில் கொண்டுவந்தாள்.

"இன்னாய்யா, காத்தாடியக் கட்டிக்கினியா? இனிமே இங்கதான் குடித்தனமா?"

கிரீஸ் போடணும் என்றார்.

அதன் பிறகு காற்று நின்றபோதெல்லாம் தட்டு வந்தது. காற்று அடிக்கும்போது வரவில்லை. அல்லது பம்பின் கம்பி ஏறி இறங்கும் சத்தத்தில் கேட்கவில்லை. எப்போதும் ஒன்றுதான். அவர் ஒன்றைத் திருப்பித் தட்டுவார். அப்புறம் காற்று வரும் வரை உட்கார்ந்திருப்பார். பதினாறு வருஷம். கீழே எது இருந்தாலும் அது ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும். பைப் மேலே கை வைத்தால் பைப்பும் வெதுவெதுப்பாக இருந்தது.

தினமும் கயிறு இறக்கினார். நூற்றுப் பதினெட்டு. நூற்று இருபத்தொன்று. அவர் மனசில் ஒரு எண்தான் இருந்தது. நூற்று நாற்பது. அங்கே இரண்டாவது லெவலின் வாய் தண்ணீருக்கு வெளியே வரும். அன்றைக்கு நிறுத்திய பம்ப் இப்போது ஓடுகிறது. நூற்று நாற்பது வரை இது நிற்கக் கூடாது. உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டும். அதுவரை லாரி வரக் கூடாது.

சோதனை முடிகிற நாளில் தண்ணீர் நூற்று முப்பத்து நாலில் இருந்தது. தாமோதரன் காலை பத்து மணிக்கு வந்தார். அட்டையில் செருகிய அச்சடித்த தாள். கேம்ப் முழுவதும் மேட்டில் ஏறி நின்றது. பிரேக் போடச் சொன்னார். சக்கரம் நின்றது.

ஒவ்வொரு வரியாகக் கேட்டு எழுதினார். கிரீஸ் மாற்றப்பட்டதா. போல்ட் தளர்ந்திருக்கிறதா. கசிவு உண்டா. ஏனோக் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தாமோதரன் தாளைத் திருப்பினார்.

"பைப்புல ஏதாவது சத்தம் இருக்கா?"

அதே இடம். அதே கேள்வி.

இல்லை சார் என்று மரியகுழந்தை பின்னாலிருந்து சொன்னாள். ஆமாம், இல்லை என்று இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். குடங்கள் வரிசையில் இருந்தன.

"இருக்கு சார்," என்றார் ஏனோக்.

"எப்படி?"

"ஒரு தட்டு."

பிறகு அவர் சொல்ல ஆரம்பித்தார். காற்று நின்றால் வருவதைச் சொன்னார். தான் திருப்பித் தட்டியதைச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்றாம் நாள் மத்தியானத்தையும் சொன்னார். மேனேஜர் கேட்டதையும், தான் சொன்னதையும். தாமோதரனைப் பார்த்துத்தான் சொன்னார்.

கூட்டத்தில் வழி விட்டார்கள். பழனியம்மா முன்னால் வந்தாள்.

"அன்னிக்கும் ஒண்ணுதானா, அண்ணா?"

"ஒண்ணுதாம்மா. மூணு பேருக்கு ஒண்ணு வராதேன்னு..."

"ரெண்டு பேரு போய்ட்டா, மிச்சம் கீறவரு ஒண்ணுதான தட்டுவாரு."

அவள் குரல் உயரவில்லை. சந்தையில் எடையைச் சரிபார்க்கிற மாதிரி சொன்னாள். ஏனோக் தரையைப் பார்த்தார். பதினாறு வருஷத்தில் இது அவருக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் தள்ளிவிட்டாரா என்று அவருக்கே தெரியவில்லை.

இரும்பு சூட்டில் விரியும், அப்போது சத்தம் வரும் என்றார் தாமோதரன். அவர் அட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பைப்பின் பக்கத்தில் மண்டியிட்டார். காதை வைத்தார். நேரம் போயிற்று. ஒரு குழந்தை இருமியது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

தாமோதரன் கண்ணை மூடினார். கொஞ்சம் கழித்துத் திறந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது எதிரே இருந்த யாரையும் இல்லை. எழுந்து கைக்குட்டையால் காதைத் துடைத்தார். துரு ஒட்டியிருந்தது. மறுபடியும் துடைத்தார்.

"இந்தப் பழைய பைப் எது வரைக்கும் போகுது?"

"ரெண்டாவது லெவல் கோடி வரைக்கும் சார்."

"அங்க இப்ப தண்ணியா?"

"வாய்ல தண்ணி. இன்னும் ஆறு அடி."

தாமோதரன் தாளில் எழுதினார். கையெழுத்துப் போட்டார். ஒரு பிரதியைக் கிழித்து ஏனோக்கிடம் கொடுத்தார். பிரேக்கைத் தானே விடுவித்தார். எப்போதும் போகும்போது ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அன்று மரியகுழந்தை நீட்டினாள். வேண்டாம் என்று ஜீப்பில் ஏறினார்.

ஏனோக்குக்கு அந்தத் தாளைப் படிக்கும் அளவுக்கு இங்கிலீஷ் தெரியும். சத்தம் என்ற வரிக்கு எதிரே, இல்லை என்று எழுதியிருந்தது.

காத்தாடி கேம்ப்புக்குச் சொந்தமானது. யாரும் தண்ணீர் எடுப்பதை விடவில்லை. விட்டு என்ன செய்வது. ஆனால் சக்கரம் நின்றால் மேட்டில் ஒருவரும் நிற்கவில்லை. பழனியம்மா மட்டும் அப்போதுதான் வந்தாள். பைப்புக்கு எதிரே உட்கார்ந்தாள். முதல் நாள் ஸ்பேனருக்குக் கை நீட்டினாள். ஏனோக் கொடுத்தார். தட்டு வந்ததும் அவள் திருப்பித் தட்டினாள். ஒன்று.

அவரிடம் அவள் பேசியது கொஞ்சம். எத்தினி அடி கீது என்பாள். நாலு என்பார். மறுநாள், மூணு. ஒருநாள் ஷாஃப்ட்டுக்குள் இருக்கும் ஏணியைப் பற்றிக் கேட்டாள். முதல் லெவல் வரை ஏணி தாங்கும் என்றார். அதற்குக் கீழே பதினாறு வருஷம் தண்ணீரில் கிடந்தது.

"தாங்காதா?"

"தெரியாதும்மா."

அவள் இரும்புக் கதவைப் பார்த்தாள். பொட்டு அன்று புதிதாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு காலையில் கயிறு நூற்று நாற்பதாவது முடிச்சில் நனைந்து வந்தது. ஏனோக் இரண்டாவது தடவை இறக்கிப் பார்த்தார். அதேதான். கதவின் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. காற்று மேலே வந்து முகத்தில் பட்டது. இவ்வளவு நாள் ஷாஃப்ட்டிலிருந்து காற்று வந்ததில்லை.

தனியாக இறங்க முடியாது. பாலகாட்டில் பழைய கூட்டாளி ஆபிரகாம் இருந்தார். அவரையும் இன்னும் இரண்டு பேரையும் சேர்க்க வேண்டும். நல்ல கயிறும் விளக்கும் வேண்டும். நாளைக் காலையில் இறங்கலாம். போய் வர ஆறு மணி நேரம் ஆகும். அவர் தயங்கினார். தட்டைக் கேட்டவன் நகரக் கூடாது, வேறு ஆள் வந்து உட்காரும் வரை.

பழனியம்மா குடத்தோடு வந்தாள். அவர் விஷயத்தைச் சொன்னார்.

"வாய் தெரியுதா?"

"தெரியுதும்மா. நாளைக்கு இறங்கறோம். நான் ஆளக் கூட்டிக்கினு வந்துடறேன்."

"போய்ட்டு வாங்க. நான் கீறேன்."

அவர் ஸ்பேனரைக் கொடுத்தார். பூட்டின் சாவியும் அதே வளையத்தில் இருந்தது. அதைக் கழற்ற அவருக்குத் தோன்றவில்லை.

ஆபிரகாம் ஷிஃப்ட்டில் இருந்தார். மேலே வரும் வரை காத்திருந்தார் ஏனோக். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஆபிரகாம் பீடியை அணைத்தார். விடியும்போது வருகிறேன் என்றார். ஏனோக் திரும்பிக் கேம்ப்பை எட்டும்போது மைசூர் மைன்ஸின் நாலு மணிச் சங்கு தூரத்தில் ஊதியது. காற்று பலமாக அடித்தது. சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மேட்டில் மரியகுழந்தை நின்று திட்டிக்கொண்டிருந்தாள். பழனியம்மாவின் குடம் குழாய்க்குக் கீழே இருந்தது. நிரம்பி வழிந்து, தண்ணீர் மேட்டின் சரிவில் ஓடி, கீழே ஒரு குட்டையாக நின்றது. கேம்ப்பில் ஒரு சொட்டுத் தண்ணீரை யாரும் சிந்தமாட்டார்கள்.

"இப்படி வுட்டுட்டு எங்க போனா இவ? ஊட்லயும் இல்ல. நாலு தெருவும் கத்திட்டு வரேன்."

ஏனோக் மூடியைப் பார்த்தார். இரும்புக் கதவு திறந்திருந்தது. பூட்டு அதன் பக்கத்தில், சாவியோடு, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. ஸ்பேனர் இல்லை.

அவர் கதவருகே குனிந்து கூப்பிட்டார். பழனிம்மா என்றார். குரல் கீழே போனது. திரும்பி வரவில்லை. கார்பைடு வாசனை மூக்கில் ஏறியது. அவள் வீட்டில் கார்பைடு விளக்கு இல்லை. கேம்ப்பில் யார் வீட்டிலும் இல்லை.

மரியகுழந்தை திட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

அப்போது காற்று குறைந்தது. சக்கரம் இன்னும் நாலு சுற்று சுற்றியது. மூன்று. கம்பி ஒருமுறை மெதுவாக ஏறி, இறங்காமல் நின்றது. குழாயில் தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்றது. மேற்கே வெயில் இன்னும் இருந்தது.

ஏனோக் பைப்பின் மேல் கை வைத்தார்.

தட்டு வந்தது. அவர் காத்திருந்தார். மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

இன்னொன்று வந்தது.

அவர் நகரவில்லை. அதே இடைவெளியில் மறுபடியும் வந்தது. இரண்டு. முதலாவது அவர் கேட்டுப் பழகிய தட்டு. இரண்டாவது ஸ்பேனரின் தட்டு, இரும்பின் மேல் இரும்பு, இத்தனை நாள் மேலே இருந்து போன அதே சத்தம்.

அவர் தரையில் ஒரு கல்லைத் தேடி எடுத்தார். இரண்டு தட்டுத் தட்டினார்.

மரியகுழந்தை அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். வாய்யா போலாம் என்றாள். அவர் வரவில்லை. வர முடியாது என்று அவளுக்கும் தெரியும், அவளும் சுரங்கத்து வீட்டுப் பெண்தான்.

"போ, எல்லாருக்கும் சொல்லு," என்றார். "காத்து வந்தா யாரும் பிரேக்கத் தொடக் கூடாது. ஆபிரகாமுக்கு ஆள் அனுப்பு, இப்பவே வரட்டும்."

"இன்னான்னு சொல்றது?"

"ரெண்டு பேரு கீறாங்கன்னு சொல்லு."

அவள் சரிவில் ஓடினாள். காலடியில் குட்டை சிதறியது. ஏனோக் இடது கையைப் பைப்பின் மேலேயே வைத்திருந்தார். சக்கரத்தின் தகடுகளில் ஒன்று லேசாக அசைந்தது.